இல்லையென்று சொல்லாத தேடல் பக்கம்

யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வெளியேறிய எங்கள் சனங்களின் பள்ளிக்கூட ஆண்டு மலர்களையும் பழைய படங்களையும், யுத்தம் முடிந்தபின் ஸ்கேன் செய்து ஓர் இணைய நூலகத்தில் சேர்த்தார்கள். அதன் தேடல் பக்கத்தைச் செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. கரைத்தீவில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் மடிக்கணினியோடு, பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் இருந்தேன். ஓர் எழுத்தைத் தட்டியதுமே முடிவுகள் வந்து விழும். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

முதலில் உம்மாவிடம் காட்டினேன். பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் தான் முதலாவதாக வந்த கதையை உம்மா சொல்லாத பெருநாள் இல்லை. வாப்பா நம்பியதே இல்லை. "என்ன ஓட்டம்? கோழிக்குப் பின்னாலயோ?" என்பார். வெளியேறியபோது ஒரு படமும் கொண்டுவரவில்லை. பள்ளிக்கூட மலரில் தன் படம் வந்தது என்று மட்டும் உம்மா அடித்துச் சொல்வார்.

பிஸ்மில்லாஹ் சொல்லித் தன் போனில் ஒற்றை விரலால் தட்டத் தொடங்கியவர், பாதியில் நிறுத்திவிட்டார். விசைப்பலகை திரையை மறைக்க, மிச்சத்தில் ஒரே வரிதான் தெரிந்தது: "எதுவும் கிடைக்கவில்லை."

"நான் இன்னும் கேட்டே முடிக்கேல்ல புள்ள. அதுக்குள்ள இல்லையெண்டு சொல்லுது," என்று போனைக் கவிழ்த்து வைத்தார். முகம் வாடிப்போயிற்று. எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

அந்தக் கிழமை சிலாபம் போகும் வழியில், முந்தல் ஊரில் ஒரு துணிக்கடையில் ஏறினேன். நான் கேட்ட நிறம் அங்கே இருக்கவில்லை. முதலாளி அதைச் சொல்லவேயில்லை. "இருங்க தங்கச்சி, இதப் பாருங்க" என்று கிட்டத்தட்ட அதே நிறத் துணிகளையெல்லாம் மேசையில் விரித்துப் போட்டார். கேட்டு வந்த ஆளிடம் இல்லையென்று சொல்லி அனுப்புவது எங்கள் பக்கத்துக் கடைகளில் வழக்கமில்லை. நான் செய்த பக்கம் மட்டும் ஏன் முகத்திலடித்த மாதிரிப் பேசியது?

வீட்டுக்கு வந்து மாற்றினேன். ஆள் தட்டி முடிக்கும்வரை அது வாயை மூடிக்கொண்டிருக்கும். கேட்டது அகப்படாவிட்டால், கிட்டத்தில் இருப்பதை விரித்துக் காட்டும். சின்னத் திரையில் படங்கள்தான் முன்னுக்கு நிற்கும்.

உம்மா பள்ளிக்கூடத்தின் பெயரையும் ஓட்டப் போட்டியையும் சேர்த்துத் தட்டினார். கேட்டபடி ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்துப் படங்கள் வரிசையாக வந்தன. ஒன்றில் விரல் நின்றது. வெற்றி மேடையில் இரட்டைப் பின்னல், வாய் நிறையச் சிரிப்பு. உம்மாவின் சின்ன வயது முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, மேடைப் படியில் எழுதியிருந்த இலக்கத்தில் விரலை வைத்தார். "இது ரெண்டாம் இடமல்லோ!"

உம்மா அசரவில்லை. என்னிடம் திரும்பினார். "ஓட்டத்தில ரெண்டாவதா வந்தா என்ன? நீ தேடலில என்னை முதலாவதா வர வை."

அந்தப் பள்ளிக்கூடத்தை யார் தேடினாலும், இன்றுவரை உம்மாதான் முதலில் வந்து சிரிக்கிறார்.