செல்லாது, செல்லும், செல்லாது

மாஸ்டர் விரல் நுனியை நாக்கில் தொட்டு இஸ்திரிப்பெட்டியின் அடியில் ஒற்றுகிறார். சுர்ரென்றதும் வக்கீல் அங்கி ஒன்றை மேசையில் விரித்து, மேலே ஈரத்துணியைப் போடுகிறார். கறுப்பில் நேராகப் பெட்டியை வைத்தால் பளபளப்புத் தட்டிவிடும். அவசரப்படுத்துகிற இளம் வக்கீல்களுக்கு ஒரே பதில்தான்: "ஆறட்டும் சார். சூட்டோட போட்டா படியேறதுக்குள்ள கசங்கிடும்."

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. 'மடிப்பு மாஸ்டர்' என்றால் யாரும் கைகாட்டுவார்கள். தெருவின் இந்த முனையில் உச்ச நீதிமன்றம், அந்த முனையில் நாடாளுமன்றம். வக்கீல்களின் கறுப்பு அங்கியும் உறுப்பினர்களின் வெள்ளைச் சட்டையும் அவர் கடையில் ஒரே கொடியில் தொங்கும். "ரெண்டு பேரும் சண்டை போடாம தொங்குறது இங்க மட்டும்தான்" என்று சிரிப்பார். அந்த வேடிக்கையை இப்போது சொல்வதில்லை.

ஒரே மகள், அரசு மருத்துவமனையில் நர்ஸ். மருந்தில்லாமல் குழந்தைகள் சாகின்றன என்று வாசலில் நின்று பேசினாள். அன்றைக்கே பிடித்துப் போனார்கள். விசாரணை வேண்டாம், காரணம் சொல்லவும் வேண்டாம் என்று ஒரு சட்டம் இருந்தது. மாஸ்டரிடம் அங்கி கொடுக்கிற வக்கீலம்மா வழக்கை எடுத்துக்கொண்டார். அந்தச் சட்டமே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். மகள் வீடு வந்தாள். மாஸ்டர் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுவாரம் நாடாளுமன்றம் கூடியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் புதுச் சட்டம் நிறைவேறிவிட்டது. 'எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்பு அளித்திருந்தாலும்' என்று தொடங்கியது அது. மாலையில் மகளைத் திரும்பவும் கூட்டிப் போனார்கள். வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் மாஸ்டரின் வாடிக்கைக்காரர். தலையைக் குனிந்தபடியே நின்றாராம்.

வக்கீலம்மா கடைக்கு வந்து விளக்கியபோது நான் சட்டைக்காகக் காத்திருந்தேன். நாம் தோற்கவில்லை, பழைய சட்டத்தையே வேறு பெயரில் கொண்டுவந்துவிட்டார்கள், திரும்ப வழக்குப் போடலாம் என்றார். மாஸ்டர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கமாட்டான்னு சொல்லுவாங்க. இதுல சாமி யாரும்மா, பூசாரி யாரு?"

வக்கீலம்மா அங்கியின் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார்.

இனி வெள்ளைச் சட்டைகளைத் தொடமாட்டார் என்று நினைத்தேன். தொட்டார். அந்த மசோதாவுக்குக் கை தூக்கிய உறுப்பினரின் சட்டையையும் அதே பக்குவத்தோடு தேய்த்தார். எப்படி மனசு வருகிறது என்று கேட்டுவிட்டேன்.

"நான் தேய்க்காட்டி அவர் கையைத் தூக்காம இருந்திடுவாரா?"

மாதக்கணக்கில் வாய்தா போய், போன வாரம் புதுச் சட்டமும் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தெருவே கடைமுன் கூடிவிட்டது. வக்கீலம்மா மூச்சிரைக்கச் சொல்லி முடிக்கும்வரை மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். சபை மறுபடி என்றைக்குக் கூடுகிறது என்று மட்டும் விசாரித்தார். திங்கட்கிழமை.

மகள் சாயங்காலம் வந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைதான் வீடு. பையைக் கட்டிலில் வைத்து, துணிகளை வெளியே எடுக்கப் போனாள். மாஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். அலமாரியிலிருந்து தடித்த கம்பளியொன்றை எடுத்துப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, கொண்டுபோய் வாசலோரம் வைத்தார்.