பெரியப்பா வாங்கிவந்த பிஸ்கட் டின்

அந்த டின்னின் மூடியில் ஒரு கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். எழுபதுகளின் கடைசியில், அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கிளார்க்காகச் சேர்ந்த பெரியப்பா, முதல் சம்பளத்தில் அதை வாங்கிக்கொண்டு எங்கள் ஊரான குரும்பலூருக்கு வந்தார். உத்தியோகம் கிடைத்த அன்றே அவருக்குக் கம்பு கசந்துவிட்டது. நாக்கு டவுனுக்குக் குடிபோய்விட்டது. வயிறு மட்டும் ஊரிலேயே கிடந்தது.

"கிளார்க்கு பொண்டாட்டி கொல்லையில உக்காந்து கூழு குடிச்சா என் மானம் என்னாவுறது?" என்று பெரியம்மாவுக்குச் சட்டம் போட்டார். அப்போது அவள் மாசமாக இருந்தாள். வருடக்கணக்காக ஏங்கிக் கிடைத்த பிள்ளை. ஆனால் கடலைக் கொல்லையில் களை வெட்டுவதை நிறுத்தச் சொல்ல அந்த மனிதருக்குத் தோன்றவில்லை. அதில் மானம் போகாது போலிருக்கிறது. காலையில் கிரீம் பிஸ்கட், மத்தியானம் சர்க்கரை தூக்கலாக டீயும் பன்னும், சாயங்காலம் ஒரு பாட்டில் கலர் சோடா, ராத்திரி ஒரு பிடி சோறு. மூடியைக் காட்டி, "இதத் தின்னா புள்ள இப்படித்தான் பொறக்கும், பாரு" என்பார். இவர்தான் எங்கள் குடும்பத்தில் படித்தவர்.

கூட வேலை செய்த பெண்கள் கூழ்வாளியை நீட்டினால், "வேணாங்க, அவரு காதுக்குப் போயிடும்" என்று பெரியம்மா ஒதுங்கிக்கொள்வாள். பசிக்கவில்லையா என்று நான் கேட்டதற்கு, "வாயி இனிச்சுக்கிட்டேதான் கெடக்கு. கை காலுதான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றாள்.

ஒருநாள் களைக்கொட்டோடு கொல்லையிலேயே மயங்கி விழுந்தாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தார். "வெயில்ல வேலை பாக்குற உடம்பு, உள்ள இன்னொரு உசுரு. இது சாப்பாடாய்யா? வெறும் சர்க்கரை. கம்பு, கேவுரு, பருப்பு, கீரைக்கு உங்க ஊர்ல பஞ்சமா?" என்றார் டாக்டரம்மா. திரும்பும்போது பஸ்ஸில் பெரியப்பா, "பட்டிக்காட்டு டாக்டரு" என்று முணுமுணுத்தார்.

குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. தங்கவில்லை. பிறகு வேறொன்று பிறக்கவும் இல்லை. பெரியப்பா விதி என்றார். விதியாம், விதி! பெரியம்மா டின்னில் மிச்சமிருந்த பிஸ்கட்டை மாட்டுத்தொட்டியில் கொட்டிவிட்டு, காலி டின்னில் கம்பைப் போட்டு வைத்தாள். அவளிடம் அதைப் பற்றிக் கேட்கும் தைரியம் அவருக்கு வரவில்லை.

இப்போது அந்த மாதிரித் தீனிக்கு வெற்றுக் கலோரி என்று பெயர் சொல்கிறார்கள். சர்க்கரை வியாதிக்காரராகிவிட்ட பெரியப்பா, பாக்கெட்டில் விற்கும் கம்புமாவை விலைக்கு வாங்கி, உடம்புக்கு நல்லது என்று எனக்கே எடுத்துச் சொல்கிறார். கூச்சம் என்பது துளியும் இல்லை.

பெரியம்மா போன பிறகு டின் என்னிடம் வந்தது. இன்றும் கம்புதான் வைத்திருக்கிறேன். மூடியில் சாயம் அவ்வளவாக மங்கவில்லை. குழந்தையின் கன்னம் மட்டும் தகரம் தெரியத் தேய்ந்திருக்கிறது. பெரியம்மா தினமும் தடவிய இடம்.