கரண்டி விழுந்த வீடியோ

ஞானமணிக்குக் காலை நேரத்தில் கை நிற்காது. பதினான்கு வயதிலிருந்தே அப்படித்தான். காப்பித் தம்ளரோ சீப்போ எதை எடுத்தாலும் கை வெடுக்கென்று ஓர் உதறு உதறும். பொருள் தரையில் கிடக்கும். "கையில என்ன எண்ணெயா தடவிருக்க?" என்று அம்மா உச்சந்தலையில் ஒரு குட்டு வைப்பாள். ஞானமணிக்கு வலிப்பும் உண்டு. வலிப்புக்கு டவுன் டாக்டரின் மாத்திரை, கை உதறலுக்கு அம்மாவின் குட்டு. இரண்டும் ஒரே வியாதி என்று யாருக்குத் தெரியும்? குட்டு வாங்குகிற விஷயத்தை எவளாவது டாக்டரிடம் போய்ச் சொல்லுவாளா? அந்த மனுஷரும் கேட்கவில்லை. சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், அவ்வளவுதான்.

பத்தொன்பது வருடம் அந்த மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கினாள். வலிப்பும் மாதம் தவறாமல் வந்தது. கட்டிக்கொண்ட ஜஸ்டின் இரண்டாவது வலிப்பைப் பார்த்த கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறினான். அந்த மகராசன் கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை, ஈஸ்டருக்கும் வரவில்லை. அவன் செய்த ஒரே உபகாரம், கணவனால் கைவிடப்பட்டவள் என்ற சான்றிதழ். அதை வைத்துத்தான் குளத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சத்துணவு சமையல்காரி ஆனாள். பிள்ளையில்லாத அவளுக்கு அந்த அடுப்படிதான் வீடு, வாசல், சொந்தம் எல்லாம்.

வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் புதுக்கோட்டையில் புதிதாக வந்திருந்த நரம்பு டாக்டரம்மாவிடம் போனாள். அந்தம்மா சீட்டு எழுதவில்லை. அடுத்த முறை வலிப்பு வரும்போது பக்கத்தில் இருப்பவரைப் போனில் வீடியோ எடுக்கச் சொன்னார். வீட்டாள் எடுக்கிற வீடியோ எந்த வகை வலிப்பு என்று பிரித்துப் பார்க்கப் பெரிய துணை என்று இப்போது ஆராய்ச்சியிலேயே சொல்கிறார்களாம். வீட்டாளுக்கு எங்கே போவது? சமையல் உதவியாளர் இருளாயியிடம் வெட்கத்தை விட்டுச் சொல்லிவைத்தாள். ஒரு திங்கட்கிழமை காலையில் கரண்டி கையை விட்டுத் தெறித்ததுமே இருளாயி போனை எடுத்துவிட்டாள். மறுபடி கரண்டி விழுந்தது. அதற்கப்புறம் ஞானமணியே விழுந்தாள்.

டாக்டரம்மா அதை மூன்று தடவை பார்த்தார். வலிப்பை அல்ல, கரண்டி விழுந்ததை.

"இந்தக் கை உதறல் எத்தனை வருஷமா இருக்கு?"

"அது வலிப்பு இல்லீங்க. என்னோட கவனக்குறைவு."

டாக்டரம்மா போனைக் கீழே வைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். காலையில் கை உதறுவதுதான் இந்த வகை வலிப்புக்கு அடையாளம். இத்தனை வருடம் விழுங்கிய மாத்திரை வேறு வகைக்கு நல்ல மருந்து. இந்த வகையைக் கூடுதலாகக் கிளறிவிடும். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அதன்பின் பதினான்கு மாதம் ஒரு வலிப்பு இல்லை, ஒரு தம்ளர் விழவில்லை. சந்தோஷப்பட வேண்டியவள் போன வருடங்களை விரல்விட்டு எண்ணினாள். இவ்வளவுதானா? இதற்கா ஒரு வாழ்க்கையைப் பறிகொடுத்தேன்?

மிச்சம் இருந்ததும் போக வேண்டும் என்று இருந்தது போல. இருளாயி அந்த வீடியோவைக் குறி சொல்கிற தன் அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். "குறி கேக்கத்தான் அனுப்புனேங்க்கா, சத்தியமா" என்றாள். அண்ணன் போனிலிருந்து அது ஊர் குரூப்புக்குப் போய், பெற்றோர் குரூப்புக்கு வந்து, மனுவாக சத்துணவு ஆபீசுக்கே போய்ச் சேர்ந்தது. கொதிக்கிற சாம்பார் அண்டா, பக்கத்தில் இப்படி ஒருத்தி, எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு என்று.

ஞானமணி, குணமாகிவிட்டது என்று டாக்டரம்மா கொடுத்த சான்றிதழோடு ஆபீசில் போய் நின்றாள். அதிகாரி அதைப் பிரிக்கவே இல்லை. போனை அவள் பக்கம் திருப்பினார்.

"இது நீங்கதானே?"

"நான்தாங்க. இதப் பாத்துத்தான் சார் எனக்குக் கொணமாச்சு."

"கொணமானதுக்கு வீடியோ இருக்காம்மா?"

கேலியாகக்கூட இல்லை, நிஜமாகவே கேட்டார். அடுத்த வாரம் கரண்டி இருளாயி கைக்குப் போனது. ஞானமணி நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கினாள்.

ஆறு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் தெருக்குழாயில் இருளாயியின் மகள் இலக்கியா, எட்டாவது படிக்கிறவள், குடத்தைத் தூக்கினாள். கை வெடுக்கென்று உதறியது. குடம் உருண்டது. மறுநாளும் அதே. பாவி மகளே நன்றாக வேண்டும் உனக்கு என்று இருளாயியை நினைத்து ஒரு நொடி ஞானமணிக்கு மனசு குளிர்ந்தது உண்மை. அடுத்த நொடியே அந்தச் சின்னக் கையைப் பார்த்ததும் தன் பதினான்கு வயசு நினைவுக்கு வந்தது. மூன்றாம் நாள் குழாயடியில், பேச்சுவார்த்தை இல்லாத இருளாயியிடம் வலியப் போய் நின்றாள்.

"காலையில மட்டுந்தான கை ஒதறுது? ஒரு வீடியோ எடுத்து அந்த டாக்டரம்மாட்ட காமிச்சிரு இருளாயி. இப்பவே பாத்துட்டா என்னைய மாதிரி ஆகாது."

இருளாயி அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வீடியோவா? ஊரு போன்ல எல்லாம் எம்புள்ள வரணுமாக்கா?"

பின்னால் குடம் மறுபடி விழுந்தது. இருளாயி திரும்பி மகள் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"கையில என்னடி, எண்ணெயா தடவிருக்க?"