பதினேழாம் நம்பர் வீட்டுக் கோடு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நடந்து அல்ல. ஒரு பட்டியலை வாசித்துக்கொண்டே வந்தவள், பதினாறாம் நம்பரிலிருந்து நேராகப் பதினெட்டாம் நம்பருக்குப் போனாள். நடுவில் இருந்த பதினேழு... நான்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் காலனியை ஒட்டி ஒரு சர்ச். அதன் ஹாலில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்புகள் நடத்துகிறார் ஃபாதர். எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருவார்கள் — ஹாலில் ஃபேன் இருக்கிறது. ஒரு நாள் டைப்ரைட்டிங், ஒரு நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ். சனிக்கிழமைதான் காலியாக இருந்ததாம்.

"பசங்களுக்கு மார்க் வாங்கத் தெரியுது சார். நாலு பேர் கூடினா அங்கே என்ன நடக்குதுன்னு பார்க்கத் தெரியலை. அதைச் சொல்லிக்கொடுங்க" என்றார்.

வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஊருக்கே புத்தி சொல்கிறவன், இருபது பிள்ளைகளுக்கு மட்டும் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

முதல் சனிக்கிழமை மூன்று தடித்த புத்தகங்களோடு போனேன். 'சமூகக் கட்டமைப்பு' என்று போர்டில் எழுதினேன். அதன் கீழே 'குழு இயக்கம்' என்று எழுதித் திரும்பினால், முன் பெஞ்சில் இரண்டு பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். பின் பெஞ்சு நிலவரத்தை நான் விசாரிக்கவில்லை. வாசலில் எட்டிப் பார்த்த ஃபாதர், "நல்லா கவனிக்கிறாங்க போலிருக்கே, சத்தமே இல்லை" என்று மகிழ்ந்து போனார்.

என்னைக் காப்பாற்றியவர் ஒரு பஸ் கண்டக்டர். பூந்தமல்லி பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். "சார், கொஞ்சம் உள்ளே போங்க சார்" என்றார். எனக்குப் பக்கத்தில் லுங்கி கட்டி, மண்வெட்டியோடு நின்றவரிடம் திரும்பி, "யோவ், உள்ளே போய்யா!" இருவரும் ஒரே கம்பியைத்தான் பிடித்திருந்தோம். வயதும் ஏறக்குறைய ஒன்றுதான். தலையில் முடி மட்டும் அவருக்கு அதிகம்.

அடுத்த சனிக்கிழமை புத்தகங்களை வீட்டில் விட்டுவிட்டேன்.

"ஒரு இடத்தை எடுத்துக்குங்க. அங்கே யார் யாரை 'நீ'ன்னு சொல்றாங்க, யார் யாரை 'நீங்க'ன்னு சொல்றாங்க... அதை மட்டும் கவனிங்க. ஆளுக்கு ஒரு வட்டம். 'நீ'ன்னா ஒற்றைக் கோடு, 'நீங்க'ன்னா இரட்டைக் கோடு. உங்க கருத்து எதுவும் வேண்டாம். காதுல விழுந்ததை எழுதினா போதும்."

ஜெரோம் கை தூக்கினான். எந்த வகுப்பிலும் இப்படி ஒருவன் இருப்பான்.

"சார், 'யோவ்'னா?"

"ஒற்றைக் கோடு."

"'மச்சான்'னா?"

"ரெண்டு பக்கமும் ஒற்றைக் கோடு. அது சிநேகம்."

"எங்க ஊட்ல அம்மா அப்பாவை 'நீங்க'ன்றாங்க. அப்பா அம்மாவை 'ஏய்'ன்றாரு. அது இன்னா சார்?"

ஹாலே சிரித்தது. "அதை அப்புறம் பார்க்கலாம்" என்றேன். என் வீட்டு நிலவரமும் அதுதான் என்பதால், அந்த 'அப்புறம்' இன்னும் வரவில்லை.

ஒரே வாரத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். ஒரு கிரிக்கெட் டீமில், பேட் வைத்திருந்த பையனை மற்ற பத்துப் பேரும் 'வாங்க கேப்டன்' என்பார்களாம். பேட் உடைந்த மறுநாளே, 'டேய், அந்தாண்ட போய் நில்லுடா.' என்னுடைய மூன்று தடித்த புத்தகங்களிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

பிறகு கலைவாணி எழுந்தாள்.

அவளுடைய அப்பா ஏழுமலைதான் எங்கள் காலனியின் மோட்டார் ஆள். விடிந்ததும் போர் மோட்டாரைப் போட்டு, தெருத் தெருவாகப் போய் வால்வு திறப்பவர். இந்தக் காலனி வயலாக இருந்தபோது இதே மண்ணில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அவர் ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால், நாற்பது வீட்டு ஆண்களும் குளிக்காமல் ஆபீஸ் போவார்கள்.

கலைவாணி ஒரு சார்ட் பேப்பரை விரித்தாள். நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் நாற்பது. பெயர் இல்லை, வீட்டு நம்பர் மட்டும். ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தாள்.

"ஒண்ணாம் நம்பர் — 'இன்னா ஏழுமலை, தண்ணி எப்ப விடுவே?' ஒத்தைக் கோடு. ரெண்டாம் நம்பர் — 'யோவ் மோட்டாரு!' ஒத்தைக் கோடு. மூணாம் நம்பர்ல யூ.கே.ஜி. படிக்கிற பையன் — 'ஏழுமலை, பந்து எட்த்துக் குடு.' ஒத்தைக் கோடு. அப்பா திருப்பிச் சொல்றது எல்லாமே ரெட்டைக் கோடு. யூ.கே.ஜி. பையனுக்கும்."

ஹாலில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்த நாற்பது நம்பரில் ஏதோ ஒன்று. ஜெரோம் பன்னிரண்டு. அதையும் அதே குரலில் வாசித்தாள். ஜெரோம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பதினாறாம் நம்பர் — ஒத்தைக் கோடு. பதினெட்டாம் நம்பர்—"

"பதினேழு விட்டுப்போச்சே?" என்றேன். கேட்ட பிறகுதான் என் வீட்டு நம்பர் எனக்கு ஞாபகம் வந்தது.

அவள் சார்ட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருக்கு சார். வாசிக்கவா?"

"...வாசி."

"'ஏம்ப்பா, நேத்து தண்ணி விட்டியா இல்லையா?' ஒத்தைக் கோடு."

காலனிக்குக் குடிவந்த நாளாக நான் சொல்லிவரும் வாக்கியம் அது. ஏழுமலை என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். 'ப்பா' சேர்த்துவிட்டதால் மரியாதையும் சேர்ந்துவிட்டது என்று நான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விஷயம் மறுநாளே நாற்பது வீட்டுக்கும் போய்விட்டது. தண்ணீர்கூட அவ்வளவு சீக்கிரம் போனதில்லை. ஒண்ணாம் நம்பர், அசோசியேஷன் செகரட்டரியின் வீடு. அவர் ஏழுமலையைக் கூப்பிட்டு, "உன் பொண்ணு எங்களைப் பத்தி ரிப்போர்ட் எழுதுறாளாமே? நீ இங்கே வேலையில இருக்கணுமா, வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை கலைவாணி வரவில்லை. சுருட்டிய சார்ட் மட்டும் ஹாலின் மூலையில் சாய்ந்திருந்தது.

"அவங்கப்பா நிறுத்திட்டாரு சார்" என்றான் ஜெரோம். அவனை இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

செகரட்டரி வீட்டுக்குப் போனேன். "அந்த வேலையைக் கொடுத்தவன் நான். திட்டுறதுன்னா என்னைத் திட்டுங்க."

"உங்களை எப்படி சார் திட்டுறது?" என்றார்.

இரட்டைக் கோடு! என்னைத் திட்ட முடியாததால்தான் ஏழுமலை திட்டு வாங்கியிருக்கிறார். அதைச் சொல்லிவிட்டு, "ஏழுமலை வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா நானும் ஒரு சார்ட் போட வேண்டியிருக்கும். பத்திரிகையில" என்றேன். எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. "சும்மா ஒரு வார்த்தை கேட்டேன் சார், அவன் அதுக்குப் போயி..." என்று பின்வாங்கினார்.

மறுநாள் காலை, இந்த நல்ல செய்தியோடு மோட்டார் ரூமுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. வாசலில் நின்று, குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்:

"ஏழுமலை, நீங்க கொஞ்சம் வெளியே வாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

அவர் வெளியே வந்தார். துண்டில் கையைத் துடைத்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"இன்னா சார்... வேலய உட்டுத் தூக்கிட்டாங்களா?"

"ஐயோ! யார் சொன்னது?"

"நீங்கதான் சார். 'வாங்க'ன்றீங்களே. முன்னாடி இர்ந்த வாட்ச்மேனை அனுப்பும்போதும் செகட்ரி இப்டித்தான், 'நீங்க நாளைலேர்ந்து வர வேணாம்'னாரு. அதுவரிக்கும் 'டா' போட்டுகினுதான் இர்ந்தாரு."

ஒருவரை வெளியே அனுப்பும்போது மட்டும் கையில் கொடுக்கும் சாமானாக நாம் மரியாதையை வைத்திருந்திருக்கிறோம்!

வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று அவர் நம்புவதற்குள் மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்துவிட்டது. பெண்ணை மறுபடி அனுப்பச் சொன்னேன்.

"அது எழுதுனது பொய்யில்ல சார். அதான் பயமா கீது. 'தாத்தாவை இங்க இன்னா சொல்லிக் கூப்ட்டாங்க'ன்னு கேட்டுகினே கீது. நான் சொல்லல. சொன்னா அதுக்கும் ஒரு கோடு போட்டுடும்."

"பரவாயில்லை, போடட்டும். அனுப்புங்க."

"'அனுப்பு'ன்னே சொல்லு சார், நெஞ்சு படபடன்னு அட்ச்சிக்கிது" என்றார்.

பதற்றத்தில் அவரும் என்னை ஒருமையில் கூப்பிட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கலைவாணி வந்தாள். நேராக மூலைக்குப் போய்ச் சார்ட்டை விரித்து, ஸ்கெட்ச் பேனாவால் பதினேழாம் நம்பரிலிருந்து நடு வட்டத்துக்கு, என் ஒற்றைக் கோட்டை ஒட்டிச் சின்னச் சின்னப் புள்ளிகளாக வைத்துக்கொண்டே போனாள்.

"இது என்ன கோடு?"

"புள்ளிக் கோடு சார். மூணு நாள் 'நீங்க'ன்னீங்களாம். நாலாம் நாள் தண்ணி வரலைன்னதும் 'ஏம்ப்பா'ன்னுட்டீங்களாம். அப்பா சொன்னாரு."

"சரி... எப்ப முழுக் கோடாப் போடுவே?"

"மே மாசம் போர்ல தண்ணி இறங்கிடும்ல சார்? அப்ப எப்படிக் கூப்புடுறீங்கன்னு பார்த்துட்டுப் போடுறேன்."

நேற்று மொட்டைமாடியில் இன்னொரு பெரிய தொட்டி வாங்கி வைத்தேன். என் மரியாதைக்கு நிறையத் தண்ணீர் தேவைப்படுகிறது.