ஹந்தானையிலிருந்து ஒரு சலாம்

வெள்ளிக்கிழமை காலை கொழும்புக் கோட்டை நிலையத்தில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறினேன். கண்டி எழுபத்தைந்து மைல். காயல்பட்டினத்திலிருந்து நான் வந்தது மலை பார்க்க அல்ல. என் தம்பி காசிம் ஒன்பது வருஷமாக ஹந்தானைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் சமையல்காரன். எங்களைப் பெற்ற உம்மா படுத்த படுக்கையாகிவிட்டார்கள். அவனைக் கையோடு கூட்டிவருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுக் கப்பலேறினேன்.

ரம்புக்கனையில் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சினை மாட்டினார்கள். அங்கிருந்து ஏற்றம். எதிரே இருந்த மலாய்க்காரர் கடுகண்ணாவையில் இறங்கும்போதுதான் வாய் திறந்தார்.

"சலாமத் ஜாலான்."

"என்ன சொல்றீங்க?"

"சுகமாப் போய்ச் சேருங்க எண்டு சொன்னேன். உங்கட சலாம்தான். நாங்க அத வழியனுப்பவும் வெச்சிக்கிறோம்."

இத்தனை மணி நேரம் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த மனிதர், இதைக் கொஞ்சம் முன்னால் பேசியிருந்தால் எனக்கும் ஒரு துணை கிடைத்திருக்கும்.

கண்டியில் இறங்கி ஜும்ஆத் தொழுதேன். பள்ளிவாசலில் முகம் தெரியாத எத்தனையோ பேர் என் சலாத்துக்குப் பதில் சொன்னார்கள். வெளியே வந்ததும் அவரவர் கடைக்குப் போய்விட்டார்கள்; நான் மறுபடி தனி ஆள்.

ஹந்தானை மூன்று மைல். கார்க்காரன் இரண்டு ரூபாய் கேட்டான், நடந்தேன். பாதையில் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண், என் கோட்டைப் பார்த்துப் பாதையை விட்டே இறங்கி, "சலாமுங்க" என்றாள். நானும் கையை உயர்த்திச் சலாம் சொன்னேன். அவள் பதறிவிட்டாள்.

"என்னங்கய்யா, நீங்க போயி எங்களுக்குச் சலாம் போடுறீங்க? கங்காணி பாத்தா எங்களத்தான் வைவாரு."

சமாதானம் உண்டாகட்டும் என்று பொருள்படும் அரபுச் சொல் அது. எங்கள் ஊரில் சொன்னால் திரும்பி வந்தாக வேண்டும். இந்த மலையில் அது கீழிருந்து மேலே மட்டும் போகிறது.

பங்களாவின் பின்புறம், குசினி வாசலில் நின்றேன். உள்ளே காசிம் முதுகைக் காட்டிக்கொண்டு கோழி அறுத்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றேன்.

திரும்பினான். யாரென்று பார்ப்பதற்கு முன்பே இடுப்பு வளைந்தது, கை நெற்றிக்குப் போனது. "சலாம் துரை." அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தான்.

"காக்கா!"

அண்ணனான என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கும் தாங்கவில்லை. உம்மாவின் நிலையைச் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு லீவு கேட்கப் போனான். துரை விறாந்தையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். காசிம் நெற்றியில் கை வைத்தபடியே நின்றான். துரை தலை நிமிரவில்லை. நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இப்ப கேக்கக் கூடாது, காக்கா. தேயில வெல விழுந்து கெடக்கு. ஆளக் கொறைக்கிறாங்க. போனா திரும்பி வர ஏலாது."

"உம்மா உன்னத்தானே கேக்குறாங்க!"

அவன் மறுபடி கோழியை நறுக்கப் போனான். கோபித்துக்கொண்டு நான் பாதையில் இறங்கிவிட்டேன். வளைவு வரை ஓடிவந்தான்.

"காக்கா, உம்மாக்கு என் சலாத்தச் சொல்லுங்க."

சொல்லியனுப்பிய சலாம் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். கொண்டுபோய்ச் சேர்க்காமல் இருக்க முடியாது. சனிக்கிழமை காலை ரயிலில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஊரில் உம்மா அந்தச் சலாத்துக்குப் பதில் சொல்வார்கள். சொல்லிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்ப்பார்கள்.