கிரிவலப் பாதையில் வாங்கிய ஹார்ட் டிஸ்க்

என் மனைவியின் குரலைத் தொலைத்தவன் நான்தான். வேறு யாருமில்லை... நான்!

ஊரில் கேட்டால், அமுதாவுக்குத் தொண்டையில் புற்றுநோய், ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள், பேச்சு போய்விட்டது, பாவம் என்பார்கள். அது உண்மைதான். ஆனால் போவதற்கு முன்னால் அவள் தன் பேச்சை எடுத்துவைத்திருந்தாள். அதைப் பத்திரப்படுத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தாள். அதைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டினாற்போல் எங்கள் வீடு. செங்கம் ரோட்டில் ஒரு விடுதியில் அறைப் பதிவுகளைப் பார்க்கும் வேலை எனக்கு. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவன் என்பதால் தெருவில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் பெரிய மேதாவி மாதிரி போய் நிற்பேன். பாதி தெரியும். மீதி பீலா!

ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எங்கள் மகள் ஹரிணி அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். அமுதா முடியவே முடியாது என்றாள். சாவைப் பற்றி அவளுக்குப் பயமில்லை. குழந்தைக்குத் தன் குரல் ஞாபகமே இருக்காதே என்றுதான் அழுதாள். பிறகு அவளுக்கே ஒரு யோசனை தோன்றியது. ஒரு நல்ல கேமராவை இரவல் வாங்கி வரச் சொன்னாள்.

தொண்டை வலிக்க வலிக்கப் பேசினாள். பள்ளிக்கூடம் போகிற முதல் நாளுக்கு ஒன்று. பெரிய மனுஷி ஆகிற நாளுக்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஒன்று. பரீட்சையில் கோட்டை விட்டால் கேட்பதற்கு ஒன்று. கதைகள், தாலாட்டு... அடம் பிடித்தால் எப்படித் திட்டுவாள் என்பதற்குக்கூட ஒன்று! எல்லாம் முடிந்த பிறகுதான் ஆபரேஷனுக்குச் சரி என்று தலையாட்டினாள்.

அத்தனை வீடியோவும் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஏறியது. அது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, என்றைக்கு நின்றுபோகுமோ தெரியாது. "டவுனுல நல்ல கடையா பாத்து ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிட்டு வாங்க. ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல, பில்லு போட்டு வாங்குங்க" என்றாள் அமுதா.

நான் உடனே போனேனா? இல்லை! ஆராய்ச்சி செய்தேன். உள்ளே தட்டு சுற்றுகிற வகை நல்லதா, சுற்றாத வகை நல்லதா, கீழே விழுந்தால் எது தாங்கும், எது வேகமாக ஏறும்... போனில் படித்துப் படித்து அவளுக்குப் பாடம் எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நாள் ஓடியது. பௌர்ணமி வந்துவிட்டது.

பௌர்ணமி என்றால் எங்கள் தெருவில் பைக்கை வெளியே எடுக்க முடியாது. தடுப்புக் கட்டை போட்டுவிடுவார்கள், ஜனம் மலையைச் சுற்றி ஆறாக ஓடும். டவுனுக்கு நடந்தாவது போயிருக்கலாம். ஆனால் எங்கள் வாசலுக்கு எதிரிலேயே ஒரு வெளியூர்க்காரர் தார்ப்பாய் விரித்து, போன் கவர், சார்ஜர், பென் டிரைவ் என்று பரப்பியிருந்தார். நடுவில் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. நான் படித்த எதைவிடவும் கொள்ளளவு ஜாஸ்தி, விலை பாதிக்கும் கம்மி.

எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். பித்தளைச் சொம்பு வாங்குகிற மாதிரி கையில் தூக்கிப் பார்த்தே முடிவு செய்தேன். அத்தனை ஆராய்ச்சியும் எங்கே போயிற்றோ! விலை இவ்வளவு கம்மியா இருக்கே என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை கேட்டேன். மாசா மாசம் பௌர்ணமிக்கு வருகிறவன், எங்கே ஓடிவிடப் போகிறேன் என்றார். சந்தேகம் இருந்தது... அடி மனசில் இருந்தது. அலைச்சல் மிச்சம் என்று அதை அமுக்கிவிட்டேன்.

எங்கே வாங்கினீர்கள் என்று அமுதா கேட்டாள். தேரடி வீதியில், பெரிய கடையில் என்றேன். பில் கேமராப் பையில் இருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன். முதல் பொய்க்கு மறு பொய் தானாகவே வந்தது.

வீடியோக்கள் ஒவ்வொன்றாக ஏறின. பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. முதலாவதைத் திறந்து பார்த்தேன். அமுதா கேமரா முன்னால் சோதனைக்காகப் பேசியது அது. "மூஞ்சி தெரியுதாங்க? சத்தம் கேக்குதா?" என்று சிரிக்கிறாள். தெளிவாக ஓடியது. அவ்வளவுதான், மற்றதை நான் திறக்கவே இல்லை. அது மட்டுமா? மறுநாள், எல்லாம்தான் பத்திரமாகிவிட்டதே என்று, பழைய கம்ப்யூட்டரைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றினேன்! கேமராவில் இருந்ததையும் அழித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. கம்ப்யூட்டர் இனி புதுசு மாதிரி ஓடும் என்று அவளிடம் பெருமை வேறு.

அடப்பாவி என்கிறீர்கள். சொல்லுங்கள். இன்னும் நீங்கள் முழுதாகக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய சாயங்காலம். எனக்கு மனசு கேட்கவில்லை, கல்யாணத்துக்குப் பேசியதைத் திருட்டுத்தனமாகக் கொஞ்சம் பார்க்கலாம் என்று திறந்தேன். திறக்கவில்லை. அடுத்தது... திறக்கவில்லை. பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. ஒவ்வொன்றாக அமுக்கினேன். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. அந்தச் சோதனை வீடியோ மட்டும் ஓடியது.

அமுதா அடுப்பங்கரையில் இருந்தாள். ஹரிணிக்குச் சோறு ஊட்டியபடி பேசிக்கொண்டே இருந்தாள். காக்கா, நிலா, பக்கத்து வீட்டுப் பூனை... கரகரத்த குரலில், நிறுத்தாமல்! ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. என் சட்டைப் பையில் போன் இருந்தது. எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுபடி பேசியிருப்பாள், ஒன்றிரண்டாவது மிஞ்சியிருக்கும். சொல்லத் துணிவில்லையா, சரி! சும்மா போனை நீட்டி, இன்னும் கொஞ்சம் பேசு என்றாவது கேட்டிருக்கலாமே! ஏன் செய்யவில்லை?

சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்பாள், அவள் உயிரைக் காப்பாற்றத்தான் மறைத்தேன்... இப்படித்தான் எனக்கு நானே சொல்லிவருகிறேன். அதில் கொஞ்சம் நிஜமும் உண்டு. ஆனால் போனை எடுக்காததற்கு அது காரணமில்லை. பயம். ஏன் திடீரென்று போனை நீட்டுகிறீர்கள் என்று அவள் கேட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயம்.

கையைத் துடைத்துக்கொண்டு என்னருகில் வந்தாள். "எல்லாம் நல்லா ஏறியிருக்குல்லங்க?" என்று கேட்டாள்.

"ஏறிடுச்சு. பத்திரமா இருக்கு" என்றேன்.

"அப்போ சரி. இனிமே குரல் போனா போவுது" என்றாள்.

என்னை நம்பி அவள் சொன்ன அந்த வார்த்தைதான் எனக்கு மறக்கவே மாட்டேன் என்கிறது.

ஆபரேஷன் முடிந்த பிறகு விடுதி வேலை என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போய், அழிந்ததை மீட்டுத் தருகிற ஒரு கடையில் டிஸ்க்கைக் கொடுத்தேன். பிரித்துக் காட்டினார்கள். உள்ளே நகம் அளவு ஒரு மெமரி கார்டு. முதல் வீடியோவுக்குத்தான் அதில் இடம், மற்றதெல்லாம் வெறும் பெயரோடு நின்றுவிட்டது. பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்பு நட்டுகள்! கனத்துக்காக வைத்தவை. கம்ப்யூட்டரைத் துடைத்து மேலே வேறு ஏற்றிவிட்டதால் அதிலும் ஒன்றும் தேறாது என்றார்கள். மூடி வாங்கி வந்து இருந்த இடத்தில் வைத்தேன். அதன்பின் பௌர்ணமிதோறும் அந்தத் தார்ப்பாய்க்காரரைத் தேடுகிறேன். கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறேன், அதுவும் தெரியாது.

அமுதாவுக்கு எதுவும் தெரியாது. அந்த டிஸ்க்கைப் பட்டுத்துணியில் சுற்றி, பீரோவில் நகைகளோடு வைத்திருக்கிறாள். குழந்தைக்கு விவரம் தெரிந்து பள்ளிக்கூடம் போகிற நாளில்தான் முதல் தடவை போடவேண்டும், அதுவரை தொடக்கூடாது என்பது அவள் கட்டளை. ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துச் சந்தனம், குங்குமம் வைப்பாள். கற்பூரம் காட்ட வேண்டியவன் நான். காட்டுவேன்! இரும்பு நட்டுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். யாராவது வீட்டில் கம்ப்யூட்டரைத் தொட்டாலே ஓடிப்போய்ப் பக்கத்தில் நிற்பேன். அவள் என்னைக் கூப்பிடக் கை தட்டினால் தூக்கிவாரிப்போடும். இன்றைக்குத்தான் கேட்கப் போகிறாள் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

இன்று ஹரிணிக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள்.

அமுதா விடிந்ததும் குளித்து, பீரோவைத் திறந்தாள். பட்டுத்துணியைப் பிரித்து டிஸ்க்கை மேசைமேல் வைத்தாள். ஹரிணியைச் சீருடையோடு மடியில் உட்கார்த்திக்கொண்டு, என்னைப் பார்த்துக் கை தட்டினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "இதுல அம்மா பேசுவாங்களாப்பா?" என்று குழந்தை கேட்டது.

நான் வாசல் பக்கம் போனேன். மெயின் சுவிட்சை இறக்கினேன். ஆமாம், அதைத்தான் செய்தேன்! உள்ளே வந்து, கரண்ட் போய்விட்டது, வேன் வருகிற நேரம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அமுதா சரி என்று தலையசைத்தாள். குழந்தையின் கன்னத்தைத் தட்டிச் சமாதானப்படுத்தினாள்.

அப்போது பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது.

சட்னி அரைக்கிற சத்தம். நன்றாக, நீளமாக ஓடியது. அமுதா தலையை நிமிர்த்திக் கேட்டாள். நின்றுபோன எங்கள் மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எதையும் போனில் எழுதிக் காட்டுகிறவள், இப்போது போன் கையில் இருந்தும் எழுதவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்... வேன் வந்து ஹாரன் அடிக்கும்வரை.

குழந்தையை அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். முதல் நாள் என்பதால் தானும் வேனில் ஏறிக்கொண்டாள். டிஸ்க் மேசைமேல் அப்படியே இருக்கிறது. சுவிட்சை நான் இன்னும் ஏற்றவில்லை. அவள் திரும்பி வருகிற நேரம் ஆகிவிட்டது.