தேடினால் என் தம்பி மட்டும் வரவில்லை

சபையில் மைக் பிடித்துப் பேச எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் அழுகை வரும், இல்லையென்றால் கோபம் வரும். அதனால் ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததை எழுதியே கொடுக்கிறேன்.

என் தம்பி ஜோசப் 2010ஆம் வருஷக் கடைசியில் சிதம்பரம் ரயில் நிலையத்தில் காணாமல் போனான். நன்றாக வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தான், ஆனால் பழைய ஆளாக எழுந்திருக்கவில்லை. எங்களை அடையாளம் தெரியும், சாப்பிடுவான், சிரிப்பான். வீடு எங்கே, அப்பா பெயர் என்ன என்று கேட்டால் பதில் வராது. சிதம்பரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு அம்மாவும் அவனும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். அம்மா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால் பெஞ்சில் அவன் இல்லை. வடக்கே போகிற ரயில் ஒன்று அப்போதுதான் கிளம்பியிருந்தது.

போலீசில் எழுதிக் கொடுத்தோம். விழுப்புரம் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டினோம். "தகவல் வந்தா சொல்றோம்மா" என்றார்கள். தகவல் வரவில்லை. அம்மா மேல்பட்டாம்பாக்கத்து வீட்டைப் பூட்டிவிட்டுக் கடலூரில் எங்களோடு வந்து இருந்துகொண்டார்கள். ஒவ்வொரு வேளையும் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

சிதம்பரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் டேனி எனக்குச் சித்தி மகன். "அக்கா, வெப்சைட் ஒண்ணு போட்டுடலாம். உலகம் பூரா பாப்பாங்க" என்றான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், அவருக்கும் சரியென்று பட்டது. ஜோசப் படம், உயரம், நிறம், கடைசியாகப் போட்டிருந்த சட்டை, எங்கள் போன் நம்பர் எல்லாம் போட்டு 2011 ஆரம்பத்தில் வெப்சைட் தயாரானது. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் பில் போடும் கம்ப்யூட்டரிலேயே தேடிப் பார்த்தேன். "காணவில்லை", "ஜோசப்", "தமிழ்நாடு" என்று எப்படி அடித்தாலும் யார் யாரோ வந்தார்கள். ஏதேதோ நாட்டு ஜோசப்புகள் கோட்டு சூட்டில் சிரித்தார்கள். பக்கம் பக்கமாகத் தள்ளினேன். என் தம்பி எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து டேனிக்குப் போன் போட்டேன்.

"அவசரப்படாதக்கா. சர்ச்சுல நாம மேல வரணும். அதுக்கு வேலை ஜாஸ்தி இருக்கு."

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அது காதில் விழுந்தது. "சர்ச்சுல எதுக்குடி மேல வரணும்? கடைசி பெஞ்சு போதும், புள்ள வந்தா சரி" என்றார்கள். அவன் சொல்வது தேடுகிற சர்ச் என்று விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

டேனி பார்த்த வேலையைக் கேளுங்கள். தேடுகிறவர்கள் எந்த வார்த்தையை அடித்தாலும் நம் பக்கம் வர வேண்டுமாம். அதற்காக வெள்ளைத் தாளில் வெள்ளை மையால் எழுதுகிற மாதிரி, கண்ணுக்குத் தெரியாமல் நூற்றுக்கணக்கான வார்த்தைகளை அந்தப் பக்கத்தில் ஒளித்து வைத்தான். ஜவுளி, மனை, வேலைவாய்ப்பு, சினிமா நடிகைகளின் பெயர்கள்! கொஞ்ச நாள் பக்கம் மேலே ஏறத்தான் செய்தது. போனும் வந்தது. ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அம்மா ஓடி வருவார்கள். "மேடம், பிளாட் என்ன ரேட்?" என்று ஒருவர் கேட்டார். "பட்டுப்பொடவை காட்டன்லயும் இருக்குங்களா?" என்றார் ஒரு அம்மா. உங்கள் வெப்சைட்டை நாங்கள் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரன் மூன்று நாள் விடாமல் கூப்பிட்டான். "மொதல்ல என் தம்பியக் கொண்டாந்து வுடுய்யா" என்று கத்திவிட்டு வைத்தேன்.

பிறகு ஒருநாள் பக்கம் மொத்தமாகவே மறைந்துவிட்டது. வெப்சைட்டின் முழு முகவரியை அடித்தால் வரும். தேடினால் வராது. ஏமாற்று வேலை என்று தேடல் கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்துத் தேடலிலிருந்தே தூக்கிவிட்டார்களாம். டேனி தலையைச் சொறிந்தான். "சரி பண்ணிடலாம்கா" என்றான். நான் கடலூரிலிருந்து பஸ் பிடித்து அவன் சென்டருக்குப் போகிற நாளெல்லாம், வேலை பாதியில் நிற்கும்போது கரண்ட் போகும். புழுக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். ஆண்டவர் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

அந்த வருஷம் முடியும்போது 'தானே' புயல் அடித்தது. கடலூர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கூரை சீட் பறந்து பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. "இந்தப் புயல்ல அவன் எங்க நிக்கிறானோ" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. எல்லோரும் அமைதியாக ஜெபித்தார்கள். என் முறை வந்ததும் எனக்குள் என்னவோ அறுந்துபோனது. ஸ்தோத்திரம் சொல்லி ஆரம்பிக்கவில்லை.

"ஆண்டவரே, அவன உமக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாதுன்னா நான் சொல்றேன், கேளும். வெளியாளு யாரப் பாத்தாலும் பஸ் கண்டக்டர்னு நெனச்சிக்குவான். 'பட்டாம்பாக்கம் கேட்டாண்ட எறக்கி வுடு'ன்னு சொல்லுவான். வேலைக்குப் போன காலத்துல தெனமும் அந்த ரயில்வே கேட்டுகிட்டதான் எறங்குவான், காய்ச்சல்ல எல்லாம் போயும் அது ஒண்ணுதான் நின்னுச்சு. சைக்கிள்ல போறவங்கிட்டயும் சொல்லுவான், டாக்டர்கிட்டயும் சொன்னான். எங்கயோ இப்பவும் சொல்லிக்கினுதான் இருப்பான். அது உம்ம காதுல விழலையா?"

 பாஸ்டரம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் கண்ணைத் திறந்து என்னை முறைத்தார்கள்.

"ஏண்டி, இத்தயெல்லாம் அந்த வெப்சைட்ல எழுதனியா?"

"இல்லம்மா. உயரம், நெறம்தான்..."

"சாமிக்குத் தெரியும்டி. கம்ப்யூட்டர்காரனுக்கு நீ சொன்னியா?"

நான் ஆமென் சொன்னேனா இல்லையா, ஞாபகம் இல்லை. கண்ணைத் துடைத்தபோது என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என் வாயில் அந்த ஜெபத்தை வைத்தவரே அதற்குப் பதிலையும் அதற்குள்ளேயே வைத்திருந்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

கரண்ட் வந்ததும் சிதம்பரத்துக்கு ஓடினேன். டேனி ஒத்துக்கொள்ளவில்லை.

"அக்கா, கேட்டாண்டன்னு உலகத்துல எவன் தேடுவான்?"

"ஜோசப் பக்கத்துல இருக்கறவன் தேடுவான்டா. அவனுக்கு வேற எதுவும் காதுல விழாதே!"

டேனி நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு ஒளித்து வைத்திருந்த குப்பையை எல்லாம் எடுத்துப்போட்டான். நான் சொல்லச் சொல்ல ஜோசப் பேசுகிற மாதிரியே தமிழில் எழுதினான். தமிழ் தெரியாதவர்கள் அடித்தால்? அவன் சென்டருக்கு அண்ணாமலை நகரில் தங்கிப் படிக்கிற வடநாட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களை உட்காரவைத்து, ஜோசப் மாதிரியே வேகமாக அந்த வார்த்தைகளைச் சொன்னேன். காதில் விழுந்தபடி இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கச் சொன்னோம். ஒருவர் அடித்த மாதிரி இன்னொருவர் அடிக்கவில்லை. அத்தனையையும், இந்த மனிதர் இப்படிப் பேசுவார் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பக்கத்தில் போட்டோம். தப்பையெல்லாம் திருத்திவிட்டோம், திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தேடல் கம்பெனிக்கு டேனி எழுதிக் கேட்டான்.

சில வாரம் கழித்து அவனிடமிருந்து போன். "அக்கா, அந்த வார்த்தைய அடிச்சா நாமதான் மொதல்ல வரோம்!"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாருமே தேடாத வார்த்தைக்கு முதலிடம் வந்து என்ன செய்ய? ஆனாலும் அன்றிலிருந்து என் ஜெபம் ஒன்றே ஒன்றுதான். "எங்கயாவது ஒருத்தர் அத அடிக்கணும் ஆண்டவரே. ஒருத்தர் போதும்."

வெயில் காலத்தில் அந்த ஒருவர் அடித்தார்.

ஒரிசாவிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் சுனிதா. வழி தெரியாமல் வந்தவர்களைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றில் வேலை. என் வீட்டுக்காரர்தான் இங்கிலீஷில் பேசினார். ரயில் நிலையத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கப்பட்ட ஒருவர், வாசலில் வண்டி வந்து நின்றாலே ஓடிப்போய் ஒரே விஷயத்தைச் சொல்கிறாராம். தெலுங்கு என்று நினைத்து ஒரு தெலுங்குக்காரரைக் கூட்டிவந்தார்கள், அவருக்கும் புரியவில்லை. கடைசியில் அவள் காதில் விழுந்தபடி கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்திருக்கிறாள். முதலில் வந்ததே அவன் படம்.

போனை அவனிடம் கொடுத்தாள். இங்கே என் வீட்டுக்காரரிடமிருந்து அம்மா போனை வாங்கி, "ஜோசப்பு..." என்றார்கள்.

"அம்மா, சோறு துன்னுட்டியா?" என்றான்.

அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டார்கள். நான்தான் வாங்கி, "இன்னும் இல்லடா, இப்பத் துன்னுவாங்க" என்றேன்.

என் வீட்டுக்காரரும் டேனியும் போய்க் கூட்டிவந்தார்கள். கடலூர் ஸ்டேஷனில் தாடியும் எலும்புமாக இறங்கினான். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இப்படி எளைச்சிட்ட?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவனுக்குப் பழைய நினைவு திரும்பவில்லை. மாத்திரை ஓடுகிறது, பொழுதுக்கும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அதற்கும் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டேன். டேனி இப்போது ஆளைத் தொலைத்த மற்ற குடும்பங்களுக்கும் பக்கம் போட்டுக் கொடுக்கிறான். உயரம் நிறம் கேட்பதற்கு முன்னால், "அவுங்க வீட்ல எப்படிப் பேசுவாங்க?" என்றுதான் கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் வருகிறான், கடைசி பெஞ்சில்.

உங்களில் யாராவது கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இருக்கலாம். அழகாக ஜெபிக்க வரவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே போங்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி, உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி, ஒன்று விடாமல் அவரிடம் சொல்லுங்கள். நான் சண்டை போட்ட அன்றைக்குத்தான் அவர் எனக்கு வழி காட்டினார். உங்கள் சத்தத்துக்கும் அவர் முகம் சுளிக்க மாட்டார்.